52-க்கு 48: பிரிட்டன் வெளியேறியும் பிரெக்ஸிட் சண்டை ஏன் ஓயவில்லை?

2020 ஜனவரி 31, இரவு 11 மணி. ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து பிரிட்டன் அதிகாரபூர்வமாக வெளியேறியது. அதோடு எல்லாம் முடிந்திருக்க வேண்டும். ஆனால் வெளியேறியது சரியா தப்பா என்ற வாக்குவாதம் அந்நாட்டு நாடாளுமன்றத்திலும் டிவி விவாதங்களிலும், ஏன், பல வீடுகளில் அப்பாவுக்கும் பிள்ளைக்கும் நடுவிலும்கூட இன்றும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

மக்கள் ஓட்டுப் போட்டாச்சு. முடிவும் வந்தாச்சு. அப்புறம் எதற்கு இத்தனை வருஷச் சண்டை?

சுருக்கமான பதில் இதுதான்: மக்களிடம் பாதிக் கேள்விதான் கேட்கப்பட்டது. 'வெளியே போகலாமா?' என்று கேட்டார்கள். 'வெளியே போய் எங்கே நிற்பது?' என்று கேட்கவே இல்லை. விரிவாகப் பார்க்கலாம்.

முதலில், எதிலிருந்து வெளியேறினார்கள்?

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு, 1957-ல் பிரான்ஸ், மேற்கு ஜெர்மனி, இத்தாலி உள்ளிட்ட 6 நாடுகள் சேர்ந்து ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகம் என்ற கூட்டமைப்பை உருவாக்கின. பிரிட்டன் அப்போது ஒதுங்கி நின்றது. பிறகு சேர ஆசைப்பட்டபோது பிரான்ஸ் அதிபர் சார்ல் டி கோல் 1963-லும் 1967-லும் இரண்டு முறை கதவை அடைத்தார். கடைசியில் 1973 ஜனவரி 1-ல்தான் உள்ளே போக முடிந்தது.

உள்ளே போன இரண்டே ஆண்டில், 'இருக்கலாமா, வேண்டாமா?' என்று ஒரு பொது வாக்கெடுப்பு நடந்தது. 1975-ல் நடந்த அந்த வாக்கெடுப்பில் 67% பேர் 'இருக்கலாம்' என்றார்கள். ஆக, இந்தச் சந்தேகம் 2016-ல் திடீரென முளைத்தது கிடையாது.

இந்தக் கூட்டமைப்புதான் பின்னர் ஐரோப்பிய ஒன்றியமாக வளர்ந்தது. இதில் புரிந்துகொள்ள வேண்டியவை இரண்டு.

ஒன்று, சுங்க ஒன்றியம். உறுப்பு நாடுகளுக்கு இடையே போகும் சரக்குக்கு இறக்குமதி வரி கிடையாது. வெளியிலிருந்து வரும் சரக்குக்கு எல்லா நாடுகளும் ஒரே வரி போட வேண்டும். இதனால் எந்த உறுப்பு நாடும் இந்தியாவுடனோ அமெரிக்காவுடனோ சரக்கு வரி பற்றித் தனியாக ஒப்பந்தம் போட முடியாது. போட்டால் ஒன்றியமாகத்தான் போட வேண்டும்.

இரண்டு, ஒற்றைச் சந்தை. சரக்கு, சேவை, மூலதனம், மனிதர்கள் என நான்கும் எல்லைத் தடை இல்லாமல் போய்வரலாம். தரக் கட்டுப்பாட்டு விதிகள் எல்லா நாட்டுக்கும் ஒன்றே. பிரிட்டன் உள்ளே இருந்தபோது, பிரான்சில் லாரியில் ஏற்றிய பாலாடைக்கட்டி சுங்கச் சோதனை எதுவும் இல்லாமல் லண்டன் கடைக்கு வந்து சேர்ந்தது. போலந்து எலக்ட்ரீஷியன் விசா இல்லாமல் மான்செஸ்டரில் வேலை பார்க்க முடிந்தது.

இந்த இரண்டாவது உதாரணம்தான் பின்னாளில் பெரிய அரசியலாக வெடித்தது.

2016-ல் என்ன நடந்தது?

பிரிட்டனின் கன்சர்வேட்டிவ் கட்சிக்குள் ஐரோப்பா விவகாரம் பல ஆண்டுகளாகப் புகைந்துகொண்டிருந்தது. வெளியிலிருந்து நைஜல் ஃபராஜின் கட்சி வேறு ஓட்டுகளைப் பிரித்துக்கொண்டிருந்தது. இதற்கு முற்றுப்புள்ளி வைக்க நினைத்த பிரதமர் டேவிட் கேமரன், தேர்தலில் ஜெயித்தால் வாக்கெடுப்பு நடத்துவதாக 2013-ல் அறிவித்தார். 2015-ல் ஜெயித்தார். சொன்ன சொல்லைக் காப்பாற்ற வேண்டிய கட்டாயம் வந்தது.

2016 ஜூன் 23. வாக்குச் சீட்டில் இரண்டே தெரிவுகள்: ஒன்றியத்தில் தொடர்வது, ஒன்றியத்திலிருந்து வெளியேறுவது. 72% பேர் வாக்களித்தார்கள். வெளியேற 51.9%, தொடர 48.1%. வித்தியாசம் சுமார் 12.7 லட்சம் ஓட்டுகள். 'தொடர்வோம்' என்று பிரசாரம் செய்த கேமரன் மறுநாளே பதவி விலகலை அறிவித்தார்.

மொத்தக் கணக்கைவிட, உள்ளே இருக்கும் கணக்குதான் நாட்டின் பிளவைக் காட்டியது.

- இங்கிலாந்தும் வேல்ஸும் 'வெளியேறு' என்றன.
- ஸ்காட்லாந்தில் 62% பேரும் வட அயர்லாந்தில் 56% பேரும் 'தொடர்வோம்' என்றார்கள்.
- லண்டனில் 60% பேர் 'தொடர்வோம்' பக்கம். லிங்கன்ஷயரின் பாஸ்டன் நகரப் பகுதியில் 75%-க்கும் மேல் 'வெளியேறு' பக்கம்.
- கருத்துக்கணிப்புகளின்படி 25 வயதுக்குக் கீழ் பத்தில் ஏழு பேர் 'தொடர்வோம்'. 65 வயதைத் தாண்டியவர்களில் பத்தில் ஆறு பேருக்கு மேல் 'வெளியேறு'.

இன்னொரு விநோதமும் உண்டு. காமன்வெல்த் குடிமக்கள் பிரிட்டனில் வசித்தால் இந்த வாக்கெடுப்பில் ஓட்டுப் போடலாம் என்பது விதி. அதனால் லண்டனில் குடியிருந்த இந்திய, இலங்கை பாஸ்போர்ட் வைத்திருந்த தமிழர்களுக்கு ஓட்டு இருந்தது. அதே தெருவில் 20 வருஷமாக வாழ்ந்த பிரான்ஸ், போலந்து நாட்டவருக்கு ஓட்டு இல்லை. முடிவு யாருடைய வாழ்க்கையை நேரடியாகப் புரட்டிப்போடுமோ, அவர்கள் வேடிக்கை பார்க்க மட்டுமே முடிந்தது.

இரண்டு தரப்பும் என்ன சொன்னது?

'வெளியேறு' தரப்பின் முழக்கம்: கட்டுப்பாட்டைத் திரும்ப நம் கைக்கே எடுப்போம். நம் சட்டத்தை நாமே எழுதுவோம், யார் உள்ளே வரலாம் என்று நாமே முடிவு செய்வோம், நம் கடலில் நாமே மீன் பிடிப்போம், நமக்குப் பிடித்த நாட்டோடு நாமே வர்த்தக ஒப்பந்தம் போடுவோம் என்றார்கள்.

வாரத்துக்கு 35 கோடி பவுண்டு ஐரோப்பாவுக்குப் போகிறது, அதை அரசு மருத்துவத் துறைக்குக் கொடுப்போம் என்று ஒரு சிவப்புப் பேருந்தில் எழுதி ஊர் ஊராகச் சுற்றினார்கள். பிரிட்டனுக்குக் கிடைத்துவந்த தள்ளுபடியைக் கழிக்காமல் சொன்ன எண் அது. மக்களைத் தவறாக வழிநடத்தும் எண் என்று அந்நாட்டின் புள்ளிவிவர ஆணையமே சொன்னது. ஆனாலும் பேருந்து ஓடியது, எண் மனதில் பதிந்தது.

'தொடர்வோம்' தரப்பு பொருளாதாரத்தைப் பேசியது. ஏற்றுமதியில் ஏறக்குறைய பாதி ஐரோப்பாவுக்குத்தான் போகிறது, சுவர் எழுப்பினால் வேலை போகும், விலை ஏறும் என்று எச்சரித்தது. இந்தப் பயமுறுத்தல் எல்லோரிடமும் எடுபடவில்லை. ஏற்கெனவே சுரங்கமும் ஆலையும் மூடி வேலை போன ஊர்களில், இனி இழக்க என்ன இருக்கிறது என்ற கோபம்தான் இருந்தது.

உதாரணத்துக்கு சண்டர்லாண்ட். ஐரோப்பாவுக்குக் கார் ஏற்றுமதி செய்யும் பெரிய நிஸான் ஆலை இருக்கிற ஊர். அங்கேயே 61% பேர் 'வெளியேறு' என்றார்கள். ஐரோப்பிய வளர்ச்சி நிதி நிறைய வாங்கிய கார்ன்வாலும் அப்படியே. அதே நேரம், பாஸ்டன் போன்ற சிறிய ஊர்களில் வயல் வேலைக்கும் காய்கறி பேக்கிங் வேலைக்கும் கிழக்கு ஐரோப்பியர்கள் குறுகிய காலத்தில் பெருமளவில் வந்து சேர்ந்திருந்தார்கள். வாடகை, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி நெருக்கடி பற்றி உள்ளூர்க்காரர்கள் பேசினால் இனவெறி என்று ஒதுக்கிவிடுகிறார்கள் என்ற ஆதங்கம் அங்கே இருந்தது.

அந்தக் கசப்பு எவ்வளவு தூரம் போனது? வாக்கெடுப்புக்கு ஒரு வாரம் முன்பு, 2016 ஜூன் 16 அன்று, 'தொடர்வோம்' தரப்பைச் சேர்ந்த லேபர் கட்சி எம்.பி. ஜோ காக்ஸ், தன் தொகுதி மக்களைச் சந்திக்கப் போன இடத்தில் தீவிர வலதுசாரி ஒருவரால் கொல்லப்பட்டார். அவருக்கு வயது 41.

'வெளியே' என்றால் எங்கே?

இங்கேதான் சிக்கலே ஆரம்பிக்கிறது. கூட்டுக் குடும்பத்திலிருந்து தனிக்குடித்தனம் போவது என்று முடிவாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அதே காம்பவுண்டில் தனிச் சமையலா, பக்கத்துத் தெருவா, வேறு ஊரா? மூன்றுமே தனிக்குடித்தனம்தான். ஆனால் மூன்றும் ஒன்றா?

பிரிட்டன் முன்னால் இருந்த வழிகளும் அப்படித்தான்.

நார்வே வழி: ஒன்றியத்தில் உறுப்பினர் இல்லை, ஆனால் ஒற்றைச் சந்தையில் உண்டு. வியாபாரம் சுலபம். பதிலுக்குப் பணம் கட்ட வேண்டும், ஐரோப்பிய விதிகளை ஏற்க வேண்டும், ஐரோப்பியர்களைத் தடையின்றி வேலைக்கு அனுமதிக்க வேண்டும். விதிகளை எழுதும் மேஜையில் இடம் கிடையாது.

துருக்கி வழி: தொழிற்சாலைப் பொருட்களுக்கு மட்டும் சுங்க ஒன்றியம். அந்தப் பொருட்களுக்கு வரி இல்லை. ஆனால் அவற்றுக்கு வெளிநாடுகளோடு தன் இஷ்டப்படி ஒப்பந்தம் போட முடியாது.

கனடா வழி: வெறும் வர்த்தக ஒப்பந்தம். சுதந்திரம் அதிகம், எல்லையில் பேப்பர் வேலையும் அதிகம்.

ஒப்பந்தமே இல்லாமல் போவது: உலக வர்த்தக அமைப்பின் பொது விதிப்படி, வரி கட்டித்தான் வியாபாரம்.

'வெளியேறு' என்று ஓட்டுப் போட்ட 1.74 கோடிப் பேரில் இந்த நாலில் யார் எதைக் கேட்டார்கள்? வாக்குச் சீட்டில் அதற்குக் கட்டமே இல்லை. அதனால் ஒவ்வொரு தலைவரும், தான் சொல்வதுதான் மக்கள் தீர்ப்பு என்று சொல்ல முடிந்தது.

நாடாளுமன்றத்தில் மூன்று ஓட்டில் தோற்ற வழி

கேமரனுக்குப் பின் வந்த தெரசா மே, பிரெக்ஸிட் என்றால் பிரெக்ஸிட்தான் என்று அறிவித்தார். அதன் பொருள் என்ன என்பதில் அவர் கட்சிக்குள்ளேயே உடன்பாடு இல்லை. 2017 மார்ச் 29-ல் வெளியேறும் அறிவிப்பைக் கொடுத்தார். அந்த நாளிலிருந்து இரண்டு வருஷக் கெடு ஓடத் தொடங்கியது. நடுவில் தேர்தல் நடத்தி, இருந்த பெரும்பான்மையையும் இழந்தார்.

பேச்சுவார்த்தை நடத்தி அவர் கொண்டுவந்த ஒப்பந்தத்தை 2019 ஜனவரி 15-ல் நாடாளுமன்றம் 432-க்கு 202 என்று தோற்கடித்தது. 230 ஓட்டு வித்தியாசம். நவீன பிரிட்டன் வரலாற்றில் ஓர் அரசு சந்தித்த மிகப்பெரிய தோல்வி இதுதான். மார்ச்சில் இன்னும் இரண்டு முறை கொண்டுவந்தார். இரண்டு முறையும் தோல்வி.

சரி, உங்களுக்கு எதுதான் வேண்டும் என்று எம்.பி.க்களிடமே கேட்டுப் பார்த்தார்கள். மார்ச் 27-ல் 8 வழிகள் வாக்கெடுப்புக்கு வந்தன. எட்டுமே தோற்றன. ஏப்ரல் 1-ல் நான்கு வழிகள். நான்கும் தோற்றன. அதில் சுங்க ஒன்றியத்தில் இருக்கும் யோசனை தோற்றது வெறும் 3 ஓட்டில்: 273-க்கு 276.

வெளியே, லட்சக்கணக்கானோர் இன்னொரு வாக்கெடுப்பு கேட்டு லண்டனில் ஊர்வலம் போனார்கள். வெளியேறும் முடிவையே ரத்து செய்யக் கேட்ட ஆன்லைன் மனுவில் 60 லட்சம் பேர் கையெழுத்திட்டார்கள். எதிர்த்தரப்பு, ஓட்டுப் போட்டு ஜெயித்த எங்களை ஏமாற்றப் பார்க்கிறீர்களா என்று கொதித்தது. இரண்டு பக்கமும் ஜனநாயகத்தின் பெயரால்தான் சண்டை போட்டது என்பதைக் கவனிக்க வேண்டும்.

2019 ஜூலையில் பிரதமரான போரிஸ் ஜான்சன், நாடாளுமன்றத்தையே ஐந்து வாரம் முடக்கப் பார்த்தார். அது சட்டவிரோதம் என்று உச்ச நீதிமன்றத்தின் 11 நீதிபதிகளும் ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். ஆனால் டிசம்பர் தேர்தலில், பிரெக்ஸிட்டை முடித்துக் காட்டுவோம் என்ற ஒற்றை முழக்கத்தில் ஜான்சன் 365 இடங்களைப் பிடித்தார். ஆதரவாளர்களுக்கு ஆசை, மற்றவர்களுக்கு அலுப்பு. இரண்டும் சேர்ந்து அவரை ஜெயிக்க வைத்தன.

அயர்லாந்து எல்லையில் என்ன பிரச்சினை?

பிரசாரத்தின்போது இங்கிலாந்தில் அதிகம் பேசப்படாத ஒரு விஷயம், பின்னால் எல்லாவற்றையும் விடக் கனமாக வந்து நின்றது.

வட அயர்லாந்து பிரிட்டனின் பகுதி. அதை ஒட்டி இருக்கும் அயர்லாந்துக் குடியரசு தனி நாடு, ஐரோப்பிய ஒன்றிய உறுப்பினர். நடுவே சுமார் 500 கிலோமீட்டர் எல்லை, 200-க்கும் மேற்பட்ட சாலைகள். வட அயர்லாந்து பிரிட்டனோடு இருப்பதா, அயர்லாந்தோடு சேர்வதா என்ற மோதலில் முப்பது ஆண்டுகளில் 3,500-க்கும் அதிகமானோர் உயிரிழந்தார்கள். அந்தக் காலத்தில் எல்லையில் ராணுவச் சாவடிகள் நின்றன. 1998-ல் கையெழுத்தான பெரிய வெள்ளி ஒப்பந்தம்தான் அமைதியைக் கொண்டுவந்தது. அதற்குப் பின் சாவடிகள் போயின. எல்லையைக் கடந்தது தெரியாமலே மக்கள் வேலைக்கும் கடைக்கும் போய் வருகிறார்கள்.

இப்போது பிரிட்டன் வெளியேறினால், அந்த எல்லை இரண்டு வேறு சந்தைகளுக்கு நடுவிலான எல்லை. சரக்கைச் சோதிக்க வேண்டும். எங்கே சோதிப்பது? நிலத்தில் சாவடி போட்டால் பழைய ரணம் திறக்கும். போடாவிட்டால் ஐரோப்பியச் சந்தைக்குள் எது வேண்டுமானாலும் நுழையும்.

மொத்த பிரிட்டனையும் சுங்க ஏற்பாட்டுக்குள் வைத்திருக்கலாம் என்றார் மே. அதைத்தான் அவர் கட்சிக்காரர்கள் ஏற்கவில்லை. ஜான்சன் வேறு வழி பிடித்தார். வட அயர்லாந்தில் மட்டும் சரக்குக்கு ஐரோப்பிய விதி, சோதனை கடலைத் தாண்டி வரும் துறைமுகத்தில் என்றார். அதாவது ஒரே நாட்டின் இரண்டு பகுதிகளுக்கு நடுவே ஒரு கடல் எல்லை.

பிரிட்டனோடு இருக்க விரும்பும் யூனியனிஸ்ட் தரப்புக்கு இது துரோகமாகப் பட்டது. அவர்களின் முக்கியக் கட்சியான டி.யு.பி. எதிர்ப்புத் தெரிவித்து வெளியே நின்றதால், 2022 பிப்ரவரி முதல் இரண்டு ஆண்டுகள் வட அயர்லாந்தில் ஆட்சியே அமையவில்லை. 2023-ல் ரிஷி சுனக் கொண்டுவந்த விண்ட்சர் உடன்பாடு சோதனைகளைக் குறைத்தது. முற்றிலும் நீக்கவில்லை.

வெளியேறிய பின் யாருக்கு என்ன கிடைத்தது?

2020 டிசம்பர் 24-ல் பிரிட்டனும் ஐரோப்பிய ஒன்றியமும் வர்த்தக ஒப்பந்தம் செய்தன. கிட்டத்தட்ட கனடா வழி. சரக்குக்கு வரி இல்லை. ஆனால் சுங்கப் படிவம், தரச் சான்றிதழ், கால்நடை மருத்துவர் கையெழுத்து எல்லாம் உண்டு. பெரிய நிறுவனங்கள் ஆள் வைத்துச் சமாளித்தன. பலரைத் திணறடித்தது இந்தப் பேப்பர் வேலைதான். வாரத்துக்கு நாலு பெட்டி அனுப்பும் சின்ன வியாபாரிகளில் பலர் ஐரோப்பிய வாடிக்கையாளர்களையே விட்டுவிட்டார்கள்.

மீன்பிடித் தொழிலில் நடந்தது இன்னும் கசப்பு. 2021 தொடக்கத்தில், சில கடல் பகுதிகளில் பிடித்த சிப்பி வகைகளைச் சுத்திகரிக்காமல் உயிரோடு ஐரோப்பாவுக்கு அனுப்ப முடியாமல் போனது. வெளிநாடுகளுக்கான ஐரோப்பிய உணவு விதி அப்படி. எங்கள் கடல் எங்களுக்கே என்று கேட்ட தொழிலில், பிடித்ததை விற்கச் சந்தை இல்லாமல் ஒரு பகுதியினர் தவித்தார்கள்.

ஒன்றியத்தில் தொடர்ந்திருந்தால் இருந்திருக்கும் அளவைவிட, நீண்ட காலத்தில் நாட்டின் உற்பத்தித்திறன் 4% குறைவாக இருக்கும் என்பது பிரிட்டன் அரசின் பட்ஜெட் பொறுப்பு அலுவலகத்தின் மதிப்பீடு. கோவிட், உக்ரைன் போர் பாதிப்பையும் பிரெக்ஸிட் கணக்கில் எழுதுகிறார்கள் என்பது ஆதரவாளர்களின் பதில்.

குடியேற்றம்? ஐரோப்பியர் வரத்து குறைந்தது உண்மை. ஆனால் இந்தியா, நைஜீரியா போன்ற நாடுகளிலிருந்து மாணவர்களும், மருத்துவ, முதியோர் பராமரிப்புப் பணியாளர்களும் அதிகம் வந்தார்கள். வாக்கெடுப்பு நடந்த சமயத்தில் ஆண்டுக்கு 3 லட்சத்துச் சொச்சமாக இருந்த நிகரக் குடியேற்றம், 2023-ல் 9 லட்சத்தைத் தாண்டியது. அதன்பின் விசா விதிகளை இறுக்கியதும் குறைந்தது. கட்டுப்பாடு கைக்கு வந்தது, எண்ணிக்கை குறையவில்லையே என்ற கோபத்தில்தான் ஃபராஜின் ரிஃபார்ம் யு.கே. கட்சி வளர்ந்தது.

ஆதரவாளர்கள் காட்டும் பலன், தனி வர்த்தக ஒப்பந்தங்கள். ஆஸ்திரேலியா, நியூசிலாந்துக்குப் பிறகு 2025 ஜூலை 24-ல் இந்தியாவோடும் பிரிட்டன் ஒப்பந்தம் கையெழுத்திட்டது. இந்தியாவின் 99% பொருள் வகைகளுக்கு அங்கே வரி நீக்கம். பங்களாதேஷ் ஆடைகள் பிரிட்டனுக்கு வரியின்றிப் போய்க்கொண்டிருந்தபோது, திருப்பூர் பின்னலாடைகள் வரி கட்டிப் போட்டி போட வேண்டியிருந்தது. அந்தப் பள்ளத்தை நிரப்பும் ஒப்பந்தம் இது. ஒன்றியத்துக்குள் இருந்திருந்தால் பிரிட்டன் இதைத் தனியாகச் செய்திருக்க முடியாது. பக்கத்திலேயே இருந்த பெரிய சந்தையில் இழந்ததை இவை ஈடுகட்டுமா என்பதுதான் எதிர்த்தரப்பின் கேள்வி.

அப்போ, திரும்பச் சேர்ந்துவிடலாமே?

2025 ஜனவரியில் யூகவ் நிறுவனம் எடுத்த கருத்துக்கணிப்பில், வெளியேறியது தவறு என்றவர்கள் 55%. சரி என்றவர்கள் 30% மட்டுமே.

ஆனால் 2024-ல் பெரும் வெற்றியோடு ஆட்சிக்கு வந்த கியர் ஸ்டார்மர், ஒற்றைச் சந்தைக்கோ சுங்க ஒன்றியத்துக்கோ திரும்ப மாட்டோம் என்று தேர்தல் அறிக்கையிலேயே எழுதினார். லேபர் கட்சியின் பழைய கோட்டைகள் பல 'வெளியேறு' பக்கம் நின்ற ஊர்கள். அந்த ரணத்தைக் கிளற அவர் தயாராக இல்லை. சின்னச் சின்னதாகச் சரி செய்யப் பார்த்தார். 2025 மே மாத உடன்பாட்டில் உணவுச் சரக்குச் சோதனைகளைக் குறைக்க இரு தரப்பும் இசைந்தன. அதே பேச்சில், ஐரோப்பியப் படகுகள் பிரிட்டன் கடலில் மீன் பிடிக்க 2038 வரை அனுமதி நீண்டது. உடனே எதிர்க்கட்சிகள் சரணாகதி என்றன.

திரும்பச் சேர்வதும் பழைய வீட்டுக்கே போவது ஆகாது. எல்லா உறுப்பு நாடுகளும் ஒப்புக்கொள்ள வேண்டும். பிரிட்டனுக்கு முன்பு பல சலுகைகள் இருந்தன. யூரோ நாணயத்தை ஏற்க வேண்டியதில்லை, 1984-ல் மார்கரெட் தாட்சர் வாங்கிய பட்ஜெட் தள்ளுபடி வேறு. இரண்டாவது முறை போகிறவருக்கு அவை கிடைக்கும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை.

அதனால் 'திரும்பச் சேரலாம்' என்பவர்களிடமும் அதே கேள்வி வரும்: எதில் சேர்வது? சுங்க ஒன்றியத்திலா, ஒற்றைச் சந்தையிலா, யூரோவோடு முழு உறுப்பினராகவா? இன்னொரு வாக்கெடுப்பு என்று ஒன்று வந்தால், வாக்குச் சீட்டில் கேள்வியை எப்படி எழுதுவது என்பதிலேயே முதல் சண்டை தொடங்கிவிடும்.